இரண்டு பக்கமும் பாதம் வைத்த எழுத்து

“தம்பி, இதுட கால் எங்க?”

அச்சகத்து யன்னல் கம்பிகளுக்குள் கையை விட்டு, ஒரு மஞ்சள் அட்டையை ஆட்டியபடி உதுமான் நானா கேட்டார். வெளியே மழை. தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க அவருடைய பொதிமாடுகள் நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நனைந்த சாக்கும் மாட்டு வியர்வையும் கோப்பிக்கொட்டையும் சேர்ந்த அந்த வாசம் எங்கள் அச்சு மையின் வாசத்தையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. இன்றைக்கும் கண்டியில் மழை பிடித்தால் என் மூக்கு அதைத்தான் தேடுகிறது.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான் கோர்த்த எழுத்து. பிழை ஒன்றும் தெரியவில்லை.

“எழுத்துக்குக் கால் என்னத்துக்கு நானா? அது திகனைக்கு நடந்து போகப் போகுதோ?” என்றேன்.

உள்ளே வேலை செய்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். உதுமான் நானாவும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதவேண்டும். வாவிக்கரைக் காற்று, பெரஹரா ஊர்வலத்து யானை, அச்சகத்துப் பூனை என்று வேறு கதைகளைச் சொல்லி இதுவரை ஏய்த்துவிட்டேன். இனி ஏய்க்க வழியில்லை.

பாதக்காரனும் மொட்டையும்

வழியில்லாமல் செய்தவர் ஒரு வாசகர். “உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் வரும் விளம்பரங்களின் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஏன் ஐயா எப்போதும் புறுபுறுக்கிறீர்கள்? எழுத்து உங்களுக்கு என்ன செய்தது?” என்று கடிதம் போட்டிருக்கிறார். எழுத்து எனக்கு ஒன்றும் செய்யவில்லை, மகனே. செய்தவன் நான்.

கையில் ஆங்கிலப் புத்தகம் ஏதும் இருந்தால் ஒரு பெரிய எழுத்தை உற்றுப் பாருங்கள். நிற்கிற கோடு தரையைத் தொடும் இடத்தில் சின்னதாகக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். தலையிலும் இருக்கும். வெள்ளைக்காரர் அதைச் செரிஃப் என்பார்கள். எங்கள் அச்சகத்தில் அதற்குப் பாதம் என்று பெயர். பாதம் உள்ள எழுத்து பாதக்காரன். இல்லாதது மொட்டை.

பாதக்காரனின் அழகு பாதத்தோடு முடிவதில்லை. இறகுப் பேனாவால் எழுதிய கையெழுத்தைப் பார்த்து வெட்டிய எழுத்து அது. இறங்குகிற கோடு தடித்திருக்கும், ஏறுகிற கோடு மெலிந்திருக்கும். ஒரு பக்கம் முழுவதும் அதைக் கோர்த்து அடித்துப் பாருங்கள். அடியில் வரிசையாகப் பாதங்கள் நிற்கும்போது, நாம் போடாத கோடு ஒன்று வரிக்குக் கீழே ஓடும். கண் அதைப் பிடித்துக்கொண்டு வழுக்காமல் நடக்கும். பிரசங்கப் புத்தகம், சட்டப் புத்தகம், கலியாண அழைப்பு என்று ஆறுதலாக வாசிக்கவேண்டியது எதுவானாலும் பாதக்காரன்தான் சரி.

நம் தமிழுக்குப் பாதம் இல்லை. அது சுழித்து வளைந்து தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். ஒரே அறிவித்தலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்க, மற்றவர் சம்மணம் கொட்டி இருப்பதுபோல் தெரியும். இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாதக்காரனிடம் ஒரு குறையும் உண்டு. அந்தப் பாதங்கள் மயிரிழை அளவு மெல்லியவை. கண்டியின் ஈரத்தில் கடதாசி ஊதும், மை இழுபடும், அச்சு இறங்குகிற இறக்கத்தில் ஈயப் பாதம் உடையும். பாதம் உடைந்த எழுத்து அச்சில் நொண்டும். ஆகவே ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, உடைந்ததை ஒதுக்கிவிட்டு நல்லதைக் கோர்க்கவேண்டும். முதுகு விட்டுப் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. சீமையிலிருந்து வந்த புது எழுத்து. திறந்ததும் புது ஈயத்தின் வாசம். பளபளவென்று, எங்கும் ஒரே தடிப்பாய், உடைவதற்குப் பாதமே இல்லாமல் மொட்டை எழுத்துகள் வரிசையாகக் கிடந்தன. ஐயோ, அந்த மினுக்கத்தில் நான் மயங்கித்தான் போனேன். என் கை அரித்தது. சுவரொட்டிக்கென்று முதலாளி எடுப்பித்த எழுத்து அது. நான் யாரையும் கேளாமல் கோப்பி அட்டைக்குப் போட்டேன்.

தவளக்காரர் வாசித்த விதம்

அந்த நாளில் கோப்பி மலையிலிருந்து இறங்கி வந்த விதம் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வண்டி ஏறமுடியாத இடத்தில் மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டையைப் போட்டு, வரிசையாக ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குத் தவளம் என்று பெயர். முன்னால் போகிற மாட்டுக்கு வெண்கல மணி. திகனையிலிருந்து பல்லேகல வழியாக வந்து ஆற்றைக் கடந்து கண்டிக்குள் அந்த மணிச் சத்தம் நுழையும்போது, நாங்கள் வேலையை விட்டு யன்னலுக்கு வருவோம். அந்தச் சத்தத்தை இனி எந்தக் காசு கொடுத்தாலும் கேட்கமுடியாது.

உதுமான் நானா திகனைக்காரர். பதினெட்டு மாடு வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூப்பு, அதனால்தான் அண்ணன் என்ற முறையில் நானா. மேலே அடுத்தடுத்து இருந்த இரண்டு தோட்டங்களின் கோப்பியும் அவர் தவளத்தில்தான் வரும். தோட்டங்களின் பெயர் வேண்டாம். ஒன்று ஆங்கில எம் எழுத்தில் தொடங்கும், மற்றது டபிள்யூவில் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டியில் இரண்டுக்கும் கோப்பியைச் சேர்த்துவைக்க வேறு வேறு கிட்டங்கி. இரவு தங்கலுக்குத் திகனையில் எல்லா மூட்டையையும் இறக்கி, விடியக் கைக்கு வந்தபடி ஏற்றுவார்கள். எது எந்தத் தோட்டத்து மூட்டை என்று சொல்ல, அதன் கழுத்தில் கட்டித் தொங்கும் எங்கள் அட்டை ஒன்றுதான் சாட்சி. நடுவில் அந்தப் பெரிய எழுத்து. மேலே பொடி எழுத்தில் ஊர், கீழே அதே அளவுப் பொடி எழுத்தில் தோட்டத்தின் பெயர். இரண்டு முனையிலும் துளை இருக்கும், கைக்கு வந்த துளையில் நூலைக் கட்டுவார்கள்.

உதுமான் நானாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய ஆட்களுக்கும் தெரியாது. ஆனாலும் எத்தனையோ வருடமாக ஒரு மூட்டைகூட மாறினதில்லை. எப்படி என்று எங்களில் ஒருவரும் யோசித்ததும் இல்லை.

அன்றைக்கு யன்னலில் நின்று அவரே சொன்னார்.

“ரெண்டு பக்கமும் பாதம் ஈந்தா அது ஒரு தோட்டம். ஒரு பக்கம் பாதமும் மத்தப் பக்கம் முள்ளு மாதிரி கூராவும் ஈந்தா அது மத்தத் தோட்டம். மாடு நடக்கச்சொல்ல அட்டை சுத்தும், தலகீழாத் தொங்கும். எப்படித் தொங்கினாலும் எனக்குப் பிழைக்காது. இப்ப நீங்க அடிச்சித் தந்தீக்கிற அட்டையில ரெண்டும் ஒண்டு போலதான் ஈக்கி தம்பி.”

எவ்வளவு பெரிய உண்மை! பாதக்கார எம்முக்கு மேலேயும் பாதம், கீழேயும் பாதம். டபிள்யூவுக்கு மேலே மட்டும்தான் பாதம், கீழே வெறும் கூர். எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த வித்தியாசம் மாறாது. மொட்டையில் இரண்டும் வளைந்த கம்பி. தலைகீழாகப் பிடித்தால் ஒன்று மற்றதாகிவிடும். நாள் முழுக்க எழுத்தோடு கிடந்த எனக்குத் தெரியாததை, ஓர் எழுத்தும் வாசிக்காத மனுசர் மாட்டோடு நடந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “நாலு நாள் பழகினால் சரிவரும் நானா. புதுசு எண்டால் அப்பிடித்தான்,” என்றேன்.

அவர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மடியிலிருந்து வாழைச் சருகில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கம்பிக்குள்ளால் நீட்டினார். கித்துள் கருப்பட்டி.

“புள்ளக்கி நாப்பது நாள் ஆச்சாமே. தாய்க்குக் குடுங்க,” என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாறிப்போன மூட்டைகள்

பத்து நாள் ஆகியிருக்காது. கிட்டங்கிப் பக்கமிருந்து சேதி வந்தது. டபிள்யூ தோட்டத்தின் முதல்தரக் கோப்பி எம் கிட்டங்கிக்குப் போய்விட்டது. எம் தோட்டத்தின் மழையில் நனைந்த பூஞ்சணக் கோப்பி டபிள்யூ களத்தில் கொட்டி, நல்லதோடு கலந்து கிடக்கிறது. கிட்டங்கிக் கணக்கப்பிள்ளைமார் மூட்டையை எண்ணினார்களே தவிர அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவரவருக்கு அவரவர் எழுத்தாகவே தெரிந்திருக்கும்.

டபிள்யூ துரை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாராம். தவளக்காரன் கைக்கூலி வாங்கிக்கொண்டு கோப்பியை மாற்றிவிட்டான் என்பது அவர் முடிவு. பதினெட்டு மாட்டையும் கிட்டங்கி முற்றத்தில் கட்டிப்போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் பொலீசில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். கோப்பிக் களவென்றால் அந்த நாளில் சும்மா விடமாட்டார்கள். சிறை நிச்சயம். அறுவடை மும்முரத்தில் மாடு கட்டிக்கிடந்தால் பிழைப்பும் போய்விடும்.

சாப்பிடும்போது என் மனுசி பொன்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன்.

“அந்த மனுசன் வந்து கேட்டதெண்டு சொல்லுறியள். பிறகென்ன யோசினை? போய்ச் சொல்லுங்கோவன்,” என்றாள்.

“சொன்னால் வேலை போயிடும்.”

“போனால் போகட்டுமெண்டு நான் சொல்லமாட்டன். பிள்ளையும் கையுமாய் இருக்கிறன். ஆனா அந்தக் கருப்பட்டியைத் திண்டது நான்தான்.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தலைகீழ்ச் சோதனை

மறுநாள் காலையில் பழைய பெட்டியைக் கிளறி, பாதம் உடையாத எம் ஒன்றும் டபிள்யூ ஒன்றும் தேடி எடுத்தேன். அவற்றில் இரண்டு அட்டை, மொட்டையில் இரண்டு அட்டை அடித்தேன். பிறகு முதலாளியிடம் போனேன். அவர் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கியர், தமிழ் நன்றாகப் பேசுவார். எழுத்தை மாற்றியது நான்தான், கேளாமல் மாற்றினேன் என்று சொன்னேன். யன்னல் கதையை மட்டும் சொல்லவில்லை.

அவர் ஏசிக்கொண்டே தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னோடு கிட்டங்கிக்கு வந்தார்.

முற்றத்தில் மாடுகள் ஈரத்தில் நின்றன. மணிக்காளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. துரையின் அறையில் உதுமான் நானா கைகட்டி நின்றார். மூன்று நாளில் முகம் வற்றிப்போயிருந்தது. துரைக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆகவே இரண்டு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

பாதக்கார அட்டைகளை ஆள் இல்லாத ஒரு கதிரையின் முதுகில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். நேராக, தலைகீழாக, சாய்வாக. உதுமான் நானா கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். பிறகு மொட்டை அட்டைகளைத் தொங்கவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

“இது தெரியா தொர. தெரியும் எண்டு பொய் செல்ல ஏலா,” என்றார்.

துரை உதட்டைப் பிதுக்கினார். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, ஒரு மொட்டை அட்டையின் பொடி எழுத்துகளைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மறைத்துத் துரையின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“இது எம்,” என்றார் துரை.

விரலை எடுத்தேன். அவருடைய சொந்தத் தோட்டத்தின் பெயரே தலைகீழாகத் தெரிந்தது.

துரையின் முகம் சிவந்தது. அட்டையை வாங்கி இரண்டுதரம் திருப்பிப் பார்த்தார். களவு இல்லை, மாட்டை அவிழ்த்துவிடச் சொல் என்றார். சாமியே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் துரை விடவில்லை. எழுத்து மாறினது இவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அப்போது அச்சகத்தில் வந்து கேட்டானா, கேள் என்றார்.

எங்கள் முதலாளி என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்: “நல்ல கேள்வி. இவன் வந்து சொல்லியும் நீ அதை மாத்தாம விட்டிருந்தா, நாளைக்கு என்ட அச்சகத்துக்கு நீ வரத் தேவையில்ல.”

கேள்வியைக் கேட்கவேண்டியவன் நான். வேறு ஆள் இல்லை.

“நானா, எழுத்து மாறினதைக் கண்டவுடனே அச்சகத்திலை வந்து கேட்டனீங்களோ எண்டு துரை கேக்கிறார்.”

உதுமான் நானா துரையைப் பார்க்கவில்லை. முதலாளியை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முற்றத்தில் மணிக்காளை தலையை உதறிய சத்தம் கேட்டது.

“கேக்கல்ல,” என்றார்.

அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. இல்லை, இவர் கேட்டார், நான்தான் சிரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயும் என்னுடையது, பாஷையும் என்னுடையது.

“அவர் கேட்கவில்லை துரை,” என்று சொன்னேன்.

அப்படியானால் கவலையீனம்தான் என்றார் துரை. மாட்டைக் கொண்டுபோகலாம், ஆனால் என் தோட்டத்துக் கோப்பியில் இனி இவன் கை வைக்கக்கூடாது என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

வாவிக்கரை வழியில்

மாடுகளை அவிழ்த்துக்கொண்டு அவர் வாவிக்கரைப் பக்கமாகப் போனார். முதலாளியிடம் ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்கியது.

“ஏன் நானா? ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?”

அவர் நிற்கவில்லை. மணிக்காளையின் முதுகில் கையை வைத்தபடியே நடந்தார்.

“எனக்கு மாடு ஈக்கி. மத்தத் தோட்டமும் ஈக்கி. ஒங்களுக்கு அந்த எழுத்துப் பொட்டி மட்டுந்தானே ஈக்கி. பச்சப் புள்ளய வெச்சிக்கிட்டு எங்க போற?”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தெருவில் நின்றுதான் அழுதேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

“அட, உடுங்க தம்பி. அந்தப் பழைய கால் எழுத்தையே போடுங்க. அது போதும்,” என்று சொல்லிவிட்டு மாட்டை அதட்டினார். மணிச் சத்தம் ஆற்றுப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

போட்டேன். கோப்பி இருந்த கடைசி நாள்வரை அந்த இரண்டு தோட்டத்து அட்டைக்கும் பாதக்காரனைத்தான் போட்டேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பாதத்தையும் பார்த்துக் கோர்த்தேன். முதுகு விட்டுப்போனதைப் பற்றி ஒருநாளும் புறுபுறுக்கவில்லை. அவர் வரும்போதெல்லாம் அட்டையைத் தடவிப் பார்ப்பார், “ஆ, நிக்கிது,” என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். ஒருதரம்கூடச் சொல்லிக்காட்டினதில்லை. டபிள்யூ தோட்டத்துக் கோப்பி மட்டும் வேறு ஒருவர் தவளத்தில் வந்து இறங்கும்.

பிறகு இலைநோய் வந்தது. கோப்பி போனது, தவளமும் போனது. தேயிலைப் பெட்டிக்கு மரத்திலேயே குறி போட்டார்கள், அட்டை தேவைப்படவில்லை. உதுமான் நானா காலமான செய்தி எனக்கு ஒரு மாதம் பிந்தித்தான் கிடைத்தது. திகனைக்குப் போனேன். அவருடைய மகன் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். வாப்பா என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லுவார் என்றார். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

அச்சுக்கோர்க்கிறவனுக்கு ஒரு கடமை உண்டு. பிழை அச்சேறிவிட்டால், கண்டுபிடித்த அன்றே ஒரு மூலையில் பிழைதிருத்தம் போடவேண்டும். ஆயுள் முழுக்க மற்றவர்கள் பிழைக்கெல்லாம் அதைப் போட்டவன் நான். என்னுடையது ஒன்று பாக்கி இருக்கிறது. பொன்னம்மாவும் இப்போது இல்லை, இருந்திருந்தால் இத்தனை வருடம் பிந்தியதற்கு ஏசியிருப்பாள். ஆசிரியர் தயவுசெய்து இதைச் சின்ன எழுத்தில் போடவேண்டாம்.

பிழைதிருத்தம்: கோப்பிக் காலத்தில் கண்டிக் கிட்டங்கி ஒன்றில் நான் சொன்ன “அவர் கேட்கவில்லை” என்பதை, “அவர் கேட்டார், நான் சிரித்தேன்” என்று திருத்தி வாசிக்கவும்.